ஒப்பந்தத்தைத் திருத்த வந்தவர்

1910 அக்டோபரில் தென்பிரான்சின் ரோக்கூர்ப் என்னும் சிற்றூரில் திருவிழா நடந்தது. ஆற்றில் மிதக்கவிட்ட குறிகளைக் கரையில் நின்று துப்பாக்கியால் சுடுவது விழாவின் பந்தயங்களில் ஒன்று. எதிர்க்கரையில் ஊரார் உலாவும் நடைபாதை. குண்டுகள் காதருகே பறக்கின்றன என்று அன்றே சிலர் மேயரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் பெயருக்கு ஒரு மாற்றம் செய்துவிட்டுப் பந்தயத்தைத் தொடரவிட்டார். நடைபாதையில் வந்த லெமோனியே என்ற பெண்ணின் முகத்தில் குண்டு பாய்ந்தது. வழக்கு எட்டு ஆண்டு இழுத்தது. மேயரின் சொந்தக் கவனக்குறைவுக்கு உரிமையியல் நீதிமன்றம் இழப்பீடு விதித்தது. ஊராட்சியும் பொறுப்பேற்க வேண்டும் என்று லெமோனியே தம்பதியர் கேட்டபோது, அதுதான் மேயரிடம் வாங்கிவிட்டீர்களே என்று பதில் வந்தது. அன்றைய சட்டத்தின் போக்கும் அதுதான்: நடந்த தவறு ஒன்று அதிகாரியின் சொந்தத் தவறு, இல்லையேல் அலுவலகத்தின் தவறு, இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. 1918 ஜூலையில் இந்தக் கோட்டை அழித்துக் கருத்துரை வழங்கினார் லெயோன் ப்ளூம் என்ற சட்ட அலுவலர். அந்தத் தவறைச் செய்யும் வாய்ப்பை மேயருக்குக் கொடுத்ததே அவருடைய பதவிதான், ஆகவே பதவி தன்னைக் கழற்றிக்கொள்ள முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். மன்றம் ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சு நிர்வாகச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இன்றும் அது பாடம்.

அதே ப்ளூம் பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் பிரான்சின் பிரதமரானார். சோஷலிஸ்டாகத் தொடங்கிக் கட்சியை விட்டு விலகிப் பிரதமரானவர்கள் அதற்கு முன்பே உண்டு. பிரியான், விவியானி, மில்லரான் எல்லாரும் அந்த வகை. கட்சியில் இருந்துகொண்டே பிரதமரானவர் ப்ளூம்தான் முதல். அந்தப் பதவிக்கு வந்த முதல் யூதரும் அவரே. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சோஷலிஸ்ட் தலைவர் ழான் ழோரெஸின் சீடராக, மக்கள் முன்னணியின் தலைவராக, யூத வெறுப்பின் இலக்காக அவரைக் காண்கிறார்கள். எல்லாம் உண்மையே. ஆனால் 1895 முதல் 1919 வரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு அவர் சம்பளம் வாங்கிய இடத்தை ஓர் அடிக்குறிப்பாகக் கடந்துவிடுகிறார்கள். கோன்செய் தெத்தா எனப்படும் அந்த மன்றம் அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது. குடிமகன் அரசு நிர்வாகத்தின் மேல் தொடுக்கும் வழக்குகளுக்கு இறுதித் தீர்ப்பிடம். அவருடைய அரசியலின் திறவுகோல் கட்சி மாநாடுகளில் இல்லை, அங்கேதான் கிடக்கிறது என்பது என் வாதம். அவர் சாதித்தவையும் அங்கிருந்து வந்தவை, கோட்டை விட்டவையும் அங்கிருந்து வந்தவை.

அங்கே அவர் கற்றதைக் காட்ட இன்னொரு வழக்கே போதும். மார்செய் நகரில் தனியார் நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தின் பேரில் டிராம் ஓட்டிக்கொண்டிருந்தது. கோடைக்கால நெரிசலுக்கு வண்டிகள் போதவில்லை என்று மாவட்ட நிர்வாகம் கூடுதல் வண்டி விடச் சொன்னது. ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒரு வண்டிகூட விட மாட்டோம் என்று நிறுவனம் வழக்காடியது. 1910 மார்ச்சில் ப்ளூம் சொன்ன கருத்தை மன்றம் ஏற்றது: பொதுச் சேவைக்கான ஒப்பந்தம் கல்வெட்டு அல்ல, மக்களின் தேவை மாறும்போது அதை மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மாற்றத்தால் நிறுவனத்தின் வரவுசெலவு குலையுமானால் அந்த நட்டத்தை ஈடுகட்டவும் வேண்டும். ஒப்பந்தத்தைக் கிழிக்கக் கூடாது, அப்படியே விடவும் கூடாது, திருத்த வேண்டும், திருத்தத்துக்கு விலையும் கொடுக்க வேண்டும். இந்த நான்கு சொற்றொடர்களைக் கையில் வைத்துக்கொண்டு 1936-ஐப் படித்தால், புரட்சிக்காரர்களுக்கும் முதலாளிகளுக்கும் ஒருசேரப் புரியாமல்போன ஒரு மனிதரைப் புரிந்துகொள்ள முடிகிறது.

அவர் 1872-இல் பாரிஸில் பிறந்தவர். தந்தை அல்சாசிலிருந்து வந்து பட்டு நாடா வணிகம் செய்தவர். நாட்டின் மிகச் சிறந்த கல்விக்கூடமான எக்கோல் நோர்மாலில் சேர்ந்து, தேர்வில் தவறி வெளியேறிச் சட்டம் படித்தார். பகலில் மன்றப் பணி, இரவில் இலக்கியம். 'ரெவ்யு பிளான்ஷ்' இதழில் விமர்சனம் எழுதினார். ஸ்தாந்தாலைப் பற்றி ஒரு நூல், திருமணத்தைப் பற்றி 1907-இல் ஊரே திட்டித் தீர்த்த ஒரு நூல். இந்த நாகரிகக் கனவானை சோஷலிசத்துக்கு அழைத்து வந்தவர் எக்கோல் நோர்மாலின் நூலகர் லூசியன் ஹெர். 1897-இல் ராணுவ அதிகாரி த்ரைஃபுஸ் நிரபராதி என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னவரும் ஹெர்தான். ப்ளூம் கோஷம் போடவில்லை. மறு ஆண்டு த்ரைஃபுஸுக்காக எழுதிய எமில் ஸோலாவின் மீது வழக்கு வந்தபோது அவருடைய வழக்கறிஞருக்குச் சட்டக் குறிப்புகள் தயாரித்துக் கொடுத்தார். தாம் ஆசானாகப் போற்றிய எழுத்தாளர் மோரிஸ் பாரேஸிடம் ஆதரவுக் கையெழுத்துக் கேட்டுப் போனார், பாரேஸ் மறுத்தார். தேசத்தின் உணர்ச்சி ஒரு பக்கம், ஒரு மனிதனுக்கு எதிரான பொய்ச் சான்று மறு பக்கம் என்று வந்தால் சான்றைத்தான் பார்க்க வேண்டும் என்ற பாடம் அவருக்கு அப்போது அமைந்தது. ரோக்கூர்ப் மேயரின் வழக்கில் காண்பதும் அதே மனம்தான்.

1914 ஜூலை 31 இரவு ழோரெஸ் ஓர் உணவகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் தொடங்கியது, பொதுப்பணி அமைச்சரான சோஷலிஸ்ட் மார்செல் செம்பாவின் அலுவலகத் தலைவராக ப்ளூம் இரண்டு ஆண்டு பணியாற்றினார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதியது சோஷலிசத்தைப் பற்றியல்ல, அரசாங்க இயந்திரத்தைச் சீர்திருத்துவது பற்றி. பிரதமருக்கென்று தனி அலுவலகமோ தனிப் பணியாளரோ இல்லை, அவர் ஏதாவது ஒரு துறையையும் சுமந்துகொண்டு அதற்குள் மூழ்கிப்போகிறார், இப்படியிருந்தால் அரசை யார் நடத்துவது என்று கேட்டார். பல ஆண்டுகள் கழித்துத் தாமே அந்த இருக்கையில் அமர்ந்தபோது எந்தத் துறையையும் எடுத்துக்கொள்ளாமல் பிரதமராக மட்டும் இருந்தார். புரட்சி பேசுகிற கட்சியில், அலுவலகக் கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்று கவலைப்பட்டவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

1920 டிசம்பரில் தூர் நகரில் கட்சி உடைந்தது. மாஸ்கோவின் மூன்றாம் அகிலத்தில் சேர்வதா, கூடாதா என்பது கேள்வி. சேர வேண்டும் என்று 3,200-க்கும் மேற்பட்ட வாக்குகள். எதிர்த் தீர்மானத்துக்கு விழுந்தவை 1,022; ப்ளூமின் பக்கம் நின்றவர்கள் வாக்களிக்காமல் விலகி நின்றார்கள். கட்சிப் பத்திரிகை 'லுமானித்தே' உட்பட எல்லாம் கம்யூனிஸ்டுகளிடம் போயிற்று. அந்த மாநாட்டில் ப்ளூம் ஆற்றிய உரையை மிதவாதியின் புலம்பல் என்று தள்ளிவிடுபவர்கள் அதைப் படிக்காதவர்கள். புரட்சி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம் என்ற சொல்லைக்கூட அவர் நிராகரிக்கவில்லை. அவர் எதிர்த்தது அமைப்பு விதியை. வெளியே தெரியும் கட்சிக்கு மேலே வெளியே தெரியாத ஒரு குழு உட்கார்ந்து ஆணையிடும், அந்தக் குழு யாருக்கும் பதில் சொல்லாது என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. பொறுப்பேற்காத அதிகாரம் என்ற அதே ரோக்கூர்ப் பிரச்சினை! அந்த மண்டபத்தில் மாஸ்கோ பக்கம் வாக்களித்தவர்களில் இந்தோசீனாவிலிருந்து வந்த மெலிந்த இளைஞர் ஒருவரும் இருந்தார். பின்னாளில் உலகம் அவரை ஹோ சி மின் என்று அறிந்தது. அவரைப் பற்றி மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

எஞ்சிய கட்சியைக் கட்டியெழுப்பும் வேலையில் ப்ளூம் ஒரு கோட்பாட்டை வகுத்தார். அதிகாரத்தைக் கைப்பற்றுவது வேறு, அதிகாரத்தை நடத்துவது வேறு. முன்னது புரட்சி, சொத்துடைமையின் அடித்தளத்தையே மாற்றுவது. பின்னது, முதலாளியச் சமூகத்தின் விதிகளுக்கு உட்பட்டு, தேர்தலில் வென்ற கட்சி என்ற முறையில் ஆட்சி செய்வது. இரண்டாவதைச் செய்யும்போது முதலாவதைச் செய்வதாகப் பாவனை காட்டக் கூடாது. ஆட்சியில் அமர்ந்து புரட்சியைத் திருட்டுத்தனமாக நுழைப்பது வாக்காளரை ஏமாற்றுவது. கட்சிக்குள்ளேயே இதைக் கேலி செய்தார்கள்: எதுவும் செய்யாமலிருக்க ஒரு பண்டிதர் கண்டுபிடித்த சாக்கு என்று. டிராம் வழக்கை அறிந்தவருக்கு அது சாக்காகத் தெரியாது. மக்கள் எதற்கு வாக்களித்தார்களோ அதுதான் ஒப்பந்தம். அதன் எல்லைக்குள் எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போவது கடமை. எல்லையைத் தாண்டுவது மோசடி. பாசிசம் வாசலுக்கு வந்த பிறகு, எதிரி அமர்ந்துவிடாதபடி நாற்காலியை நாம் பிடித்துக்கொள்வது என்ற மூன்றாவது வகையையும் அவர் இதில் சேர்த்துக்கொண்டார்.

வாசலுக்கு வந்தது என்பது வெறும் பேச்சில்லை. 1934 பிப்ரவரி 6 அன்று வலதுசாரி அமைப்புகள் நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டுப் பாரிஸில் ரத்தம் சிந்தியது. அதன் அதிர்ச்சியில் சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், ரடிக்கல் கட்சியினர் மூவரும் மக்கள் முன்னணியாகச் சேர்ந்தார்கள். 1936 பிப்ரவரி 13 அன்று பாரிஸில் ப்ளூம் சென்ற காரை மன்னராட்சிவாதிகள் மறித்து அவரைத் தலையில் ரத்தம் வழிய அடித்தார்கள். பக்கத்துக் கட்டட வேலையிலிருந்த தொழிலாளர்கள் ஓடி வந்து காப்பாற்றினார்கள். ஏப்ரல், மே மாதத் தேர்தலில் முன்னணி வென்றது. சோஷலிஸ்டுகள் அவையின் மிகப் பெரிய கட்சியானார்கள். ஜூன் 6 அன்று அவையில் அவர் முன்னால் எழுந்து, இந்தப் பழைய கல்லோ-ரோமானிய நாட்டை முதன்முறையாக ஒரு யூதர் ஆளப்போகிறார் என்று குறைப்பட்டுக்கொண்டார் ஸவியே வல்லா என்ற உறுப்பினர். 1941-இல், ஜெர்மனியிடம் தோற்ற பிரான்சை ஆண்ட விஷி அரசு யூத விவகாரங்களுக்கு ஆணையம் அமைத்தபோது அதன் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இதே வல்லா.

தேர்தல் முடிந்து ஒரு மாதம் ப்ளூம் பதவியேற்கவில்லை. பழைய அவையின் காலம் முடியவில்லை, முறைப்படி அது முடியட்டும் என்று காத்திருந்தார். அந்த மாதத்தில் நாடு காத்திருக்கவில்லை. மே 11 அன்று லெ ஆவ்ர் நகரின் பிரெகே விமானத் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவியது. ஜூனில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் வேலையை நிறுத்தியிருந்தார்கள்; ஆயிரக்கணக்கான தொழிற்கூடங்களில் தொழிலாளர்கள் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டார்கள். அக்கார்டியன் வாசித்தார்கள், நடனமாடினார்கள், எந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பாதுகாத்தார்கள். ஜூன் 4 அன்று அரசு அமைந்தது. ஜூன் 7 இரவு பிரதமரின் அலுவலகமான மத்தினியோன் மாளிகையில் முதலாளிகளின் பிரதிநிதிகளையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒரே மேசைக்கு எதிரெதிரே உட்கார வைத்தார் ப்ளூம். கூலி 7 முதல் 15 சதவீதம் வரை உயர்வு, கூட்டுப் பேர ஒப்பந்தம், தொழிற்கூடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் என்று கையெழுத்தாயிற்று. அந்த மாத முடிவுக்குள் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை, வாரத்துக்கு 40 மணி நேர வேலை, கூட்டுப் பேரம் மூன்றும் சட்டமாயின. கோடைக்குள் கட்டாயக் கல்வியின் வயது வரம்பு 14 ஆயிற்று. 200 பெரிய பங்குதாரர்களின் பிடியிலிருந்த பிரான்ஸ் வங்கியின் நிர்வாகம் மாறியது. கோதுமை வாரியம் வந்தது. ஆயுதத் தொழிலின் ஒரு பகுதி அரசுடைமையானது. பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத நாட்டில் மூன்று பெண்கள் துணையமைச்சர்கள் ஆனார்கள், அவர்களில் ஒருவர் இரேன் ழோலியோ-கியூரி. சட்டத்தை வளைக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்தவர் செய்த வேடிக்கை அது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். இதெல்லாம் ப்ளூம் செய்ததா, வேலைநிறுத்தம் செய்ததா? முன்னணியின் தேர்தல் அறிக்கையில் சம்பள விடுமுறை இல்லை. 40 மணி என்ற எண்ணும் இல்லை, வேலை நேரக் குறைப்பு என்று பொதுவாகச் சொல்லியிருந்தது. தொழிற்கூடங்கள் ஆக்கிரமிக்கப்படாமல் இருந்திருந்தால் முதலாளிகள் மத்தினியோனுக்கே வந்திருக்க மாட்டார்கள். சரிதான். ஆனால் அதே அளவு வலிமையுள்ள வேலைநிறுத்தங்கள் ஐரோப்பாவில் 1919-க்குப் பின் பல நடந்து, எழுத்தில் எதையும் விட்டுவைக்காமல் கரைந்துபோயிருக்கின்றன. கூட்டத்தின் வேகத்தைச் சட்டப் பிரிவாக மாற்றுவது தனித் திறமை. எந்தத் தொழிலுக்கு எப்போது, எந்த விதிவிலக்கோடு 40 மணி பொருந்தும் என்று துறை துறையாக ஆணை எழுதும் ஏற்பாடு ஒரு நிர்வாகச் சட்ட அலுவலரின் கைவேலை. 1938 நவம்பரில் நிதியமைச்சர் போல் ரெய்னோ 40 மணியை ஆணைகளால் அரித்தெடுத்தார். எதிர்த்து நடந்த பொது வேலைநிறுத்தம் தோற்றது. விடுமுறைச் சட்டத்தை மட்டும் யாரும் தொடவில்லை. இரண்டு வாரம் 1956-இல் மூன்றாயிற்று, 1969-இல் நான்கு, 1982-இல் ஐந்து. ஓய்வுநேரத் துறையின் துணையமைச்சர் லெயோ லக்ரான்ழ் ரயில்வேயிடம் பேசி வாங்கிய சலுகைச் சீட்டில், அந்த முதல் கோடையிலேயே லட்சக்கணக்கானவர்கள் பயணம் போனார்கள். கடலைக் காணாமலே கிழடாகியிருந்தவர்கள் அதில் பலர்.

பொருளாதாரத்தில் அவர் சறுக்கினார் என்பது இரண்டாவது ஆட்சேபம், இதற்கு நானும் பெரிதும் இணங்குவேன். நாணய மதிப்பைக் குறைக்க மாட்டோம் என்று சொல்லி வந்து, பணக்காரர்கள் தங்கத்தை வெளிநாட்டுக்குக் கடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்து, செப்டம்பர் இறுதியில் மதிப்பைக் குறைத்தார். ஜூனிலேயே செய்திருந்தால் அது கொள்கை. செப்டம்பரில் செய்தது தோல்வி. 40 மணி நேரம் உற்பத்தியின் கழுத்தை நெரித்தது என்று ஆல்ஃப்ரெட் சோவி போன்ற பொருளியலாளர்கள் பின்னர் வாதிட்டார்கள். தேய்ந்துபோன பழைய எந்திரங்களும் முதலீடு செய்ய மறுத்த முதலாளிகளும் அந்தக் கணக்கில் வர வேண்டும் என்றாலும், வாதத்தில் பாதி நியாயம் உண்டு. மூலதனம் நாட்டைவிட்டு ஓடுவதைத் தடுக்கும் கட்டுப்பாட்டைக் கொண்டுவர அவர் துணியவில்லை; கூட்டணியின் ரடிக்கல்கள் ஒப்பமாட்டார்கள், ஒப்பந்தத்தில் அது இல்லை. எதிராளியும் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவான் என்று நம்புவது நீதிமன்றத்தில் பொருந்தும். பங்குச் சந்தையில் பொருந்தாது.

மூன்றாவது ஆட்சேபம்தான் என் வாதத்தையே குத்திப் பார்ப்பது. 1936 ஜூலை 20 வாக்கில் ஸ்பெயினின் குடியரசுப் பிரதமரிடமிருந்து தந்தி வந்தது: ராணுவம் கலகம் செய்கிறது, ஆயுதம் வேண்டும். சட்டத்தின் கண்ணில் இதைவிடத் தெளிவான விஷயம் இல்லை. அங்கே இருப்பது தேர்தலில் வந்த முறையான அரசு. பிரான்சோடு அதற்கு வணிக ஒப்பந்தமும் உண்டு. ஆயுதம் விற்பது பிரான்சின் உரிமை. ப்ளூம் முதலில் சரி என்றார். பிறகு லண்டனில் தயக்கம், சொந்த அமைச்சரவையில் ரடிக்கல்களின் எதிர்ப்பு, குடியரசுத் தலைவரின் அச்சம். ஆகஸ்டில் தலையிடாமைக் கொள்கையை முன்மொழிந்ததே பிரான்ஸ்தான். ஜெர்மனியும் இத்தாலியும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலகப் படைத் தலைவர் பிராங்கோவுக்கு விமானம் அனுப்பிக்கொண்டிருந்தன. செப்டம்பர் 6 அன்று லூனா பார்க் அரங்கில் தம் ஆதரவாளர்களின் முன்னால் நின்று, பிரான்சிலும் உள்நாட்டுப் போர் மூளும் ஆபத்தையும் ஐரோப்பியப் போரின் ஆபத்தையும் எடுத்துச் சொல்லித் தம்மைத் தற்காத்துக்கொண்டார். எல்லைச் சுங்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் ஆயுதம் கடந்துபோக விட்டதும் உண்மை. சட்டப்படி வெளிப்படையாகச் செய்ய வேண்டியதை மறுத்து, சட்டத்துக்குப் புறம்பாக இருட்டில் சிறிது செய்தார் என்றால், சட்டம் பயின்றவருக்கு இதைவிடப் பெரிய சரிவு எது? அவருடைய அச்சங்கள் கற்பனையல்ல, அரசு கவிழ்ந்திருக்கும். ஆனாலும் இந்த இடத்தில் சட்டம் அவருக்கு வழிகாட்டவில்லை, கூட்டணிக் கணக்குதான் காட்டியது. ஒப்பந்தம் என்றால் எந்த ஒப்பந்தம், யாரோடு என்ற கேள்வியை அவர் தப்பாகத் தீர்த்தார் என்றே சொல்வேன்: ரடிக்கல்களோடு செய்ததைக் காப்பாற்றி, ஸ்பெயினோடு இருந்ததைக் கைவிட்டார்.

நான்காவது, குடியேற்ற நாடுகள். நம்மவர் இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளக் காரணமுண்டு. பிரான்சில் 40 மணி நேரச் சட்டம் நிறைவேறியது 1936 ஜூன் 21. அன்றிலிருந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் மாண்டார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டம் அது. பாரிஸில் தொழிற்கூடத்தை ஆக்கிரமித்தவனுக்கு மத்தினியோன் மேசை. புதுச்சேரியில் அதையே செய்தவனுக்குத் தோட்டா. சுட்டவர்கள் உள்ளூர் அதிகாரிகள்தாம், பாரிஸிலிருந்து ஆணை வரவில்லை என்று சொல்லலாம். ரோக்கூர்ப் வழக்கில் அந்தச் சாக்கை ஏற்காதவர் ப்ளூம் அல்லவா! அதிகாரியின் தவறுக்கு அவரை அமர்த்திய பதவி பொறுப்பு என்றால், கவர்னரின் தவறுக்குக் குடியேற்ற நாட்டு அமைச்சகம் பொறுப்பு. அந்தப் பொறுப்பின் நிழலாவது பின்னர் தெரிந்தது: 1937 ஏப்ரலில் புதுச்சேரிக்குத் தொழிலாளர் சட்டம் வந்தது, எட்டு மணி நேர வேலைநாளுக்கு வழி பிறந்தது, சங்கம் வைக்கும் உரிமை கிடைத்தது. அண்டையிலிருந்த பிரிட்டிஷ் இந்தியாவின் ஆலைத் தொழிலாளிக்கு அப்போது எட்டு மணி நேர வேலைநாள் இல்லை. அல்ஜீரியாவில் இந்த அளவுகூட நடக்கவில்லை. 20,000-க்கு மேற்பட்ட முஸ்லிம்களுக்கு, அவர்கள் தங்கள் மதச் சட்டத்தைத் துறக்காமலே வாக்குரிமை தரும் ப்ளூம்–வியோலெத் மசோதா எழுதப்பட்டது. பல லட்சம் பேரில் இத்தனை பேர் மட்டும். அதற்கே அங்கிருந்த ஐரோப்பிய மேயர்கள் கூண்டோடு ராஜினாமா செய்வோம் என்று மிரட்ட, மசோதா அவையில் விவாதத்துக்கே வரவில்லை. 1925-இல் இதே ப்ளூம் நாடாளுமன்றத்தில், நாகரிகத்தில் முன்னேறிய இனங்களுக்கு மற்றவர்களைக் கைதூக்கிவிடும் உரிமையும் கடமையும் உண்டு என்ற பொருளில் பேசியிருந்தார். அந்தப் பேச்சைத் திரைபோட்டு மறைத்துவிட்டு அவரைப் புகழ முடியாது.

தூர் மாநாட்டு இளைஞரிடம் வருகிறேன். 1946 டிசம்பர் 10 அன்று ப்ளூம் தம் கட்சிப் பத்திரிகை 'லெ பொப்புலேர்' இதழில், வியட்நாமோடு சுதந்திரத்தின் அடிப்படையில் உடன்பாடு காண்பதைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதினார். ஆறு நாளில் அவரே பிரதமரானார். சோஷலிஸ்டுகள் மட்டுமே கொண்ட இடைக்கால அரசு, ஒரே மாதம். ஹனோயிலிருந்து ஹோ சி மின் அனுப்பிய சமரசச் செய்தி சைகோன் அதிகாரிகளின் கையைத் தாண்டி வந்து சேரத் தாமதமாயிற்று. டிசம்பர் 19 இரவு ஹனோயில் சண்டை மூண்டது. 23 அன்று அவையில் ப்ளூம் சொன்னது, முதலில் அமைதி நிலைநாட்டப்படட்டும், பிறகு பேசலாம் என்பது. முதலில் ஒழுங்கு, பிறகு உரிமை. தம் வாழ்நாள் முழுவதும் அவர் எதிர்த்து வாதாடிய நிர்வாகத்தின் வழக்கமான பதில் அது. அந்தப் போர் எட்டு ஆண்டு நீடித்தது. முடிவைப் பார்க்க அவர் இல்லை. 1950 மார்ச் 30 அன்று ழூயி-ஆன்-ழோஸாஸில் காலமானார்.

ஆக, சட்டத்தைத் திருத்தி மக்களுக்கு நெருக்கமாக்கும் கலையைப் பிரான்சின் எல்லைக்குள் பிரமாதமாகக் கையாண்டவர், எல்லைக்கு வெளியே அதைக் கைவிட்டார் என்று வழக்கை முடித்துவிடலாமா? 1937 ஜூனில் செனட் அவருக்கு நிதி அதிகாரங்களை மறுத்தபோது தெருவில் இறங்குங்கள் என்றார்கள் மார்சோ பிவேர் போன்ற இடதுசாரித் தோழர்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போனார். 1938-இல் மறுபடி ஒரு மாதத்துக்கும் குறைவான ஆட்சி, மறுபடி செனட், மறுபடி ராஜினாமா. செனட்டை எதிர்த்துப் போராடத் தெரியாதவன் ஹிட்லரை எதிர்த்து என்ன செய்வான் என்று அப்போது கேட்டார்கள். 1940 ஜூலை 10 அன்று விஷி நகரச் சூதாட்ட மாளிகையில் கூடிய நாடாளுமன்றம் மார்ஷல் பெத்தேனுக்கு முழு அதிகாரத்தையும் வாரிக்கொடுத்தபோது எதிர்த்து வாக்களித்த 80 பேரில் ப்ளூம் ஒருவர். ஆனால் எழுந்து பேசவில்லை. அத்தோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

செப்டம்பரில் அவரைக் கைது செய்தார்கள். ஜெர்மனியிடம் அடைந்த தோல்விக்கு யார் காரணம் என்று விசாரிக்க விஷி அரசு ஒரு சிறப்பு நீதிமன்றம் அமைத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ப்ளூம், முன்னாள் பிரதமர் தலாதியே, தளபதி கமெலான், இன்னும் இருவர். வெளிநாட்டிலிருந்த முன்னாள் விமானத் துறை அமைச்சர் பியேர் கோவின் பேரும் பட்டியலில் உண்டு. விசாரணை தொடங்குவதற்கு நான்கு மாதம் முன்பே, 1941 அக்டோபரில், பெத்தேன் தம் கையாலேயே தண்டனை விதித்து அவர்களைக் கோட்டைச் சிறைக்கு அனுப்பிவிட்டார். பிறகுதான், 1942 பிப்ரவரி 19 அன்று, ரியோம் நகரில் வழக்கு திறந்தது. கருப்பு அங்கி நீதிபதிகள், வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள், தணிக்கை அதிகாரிகள். எழுபதாவது வயதை எட்டிக்கொண்டிருந்த ப்ளூம் எழுந்தார். பேச்சாளரின் குரல் அல்ல அவருடையது, மெல்லியது. ஆனால் அந்த அறை அவருக்குப் பழக்கப்பட்ட களம். இருபத்து நான்கு ஆண்டு அவர் வாழ்ந்தது இப்படிப்பட்ட அறைகளில்தான்.

முதல் கேள்வி நடைமுறை பற்றியது: ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவனை எதற்காக விசாரிக்கிறீர்கள், நாட்டின் தலைவரே தீர்ப்புச் சொல்லிவிட்ட வழக்கில் உங்கள் தீர்ப்பு என்னவாக இருக்க முடியும்? இரண்டாவது தேதி பற்றியது: விசாரணை 1936-இலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஏன் வரையறுத்தீர்கள்? 1934-இல் போர் அமைச்சராக இருந்து ராணுவச் செலவைக் குறைக்க ஒப்புக்கொண்டவர் பெத்தேன் என்பதாலா? மூன்றாவது கணக்கு: 1936 செப்டம்பரில் தம் அரசு ராணுவத் தலைமை கேட்டதைவிடக் கூடுதலாக, 1,400 கோடி பிராங்க் மறுஆயுதத் திட்டத்துக்கு ஒதுக்கியதை எண்களோடு வைத்தார். நான்காவதுதான் அடிவேர். 40 மணியும் சம்பள விடுமுறையும் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள். சட்டம் இயற்றியது குற்றமென்றால் கூண்டில் நிற்பது நானல்ல, குடியரசு. தொழிலாளியின் மனம் வேலையிலிருந்து விலகியது என்று குற்றம் சாட்டியவர்களுக்கு, பாரிஸின் புறநகர்ச் சாலைகளில் ஒரே மாதிரிக் கம்பளிச் சட்டை போட்டு இரட்டை மிதிவண்டியில் போன தம்பதியரைத் தாம் கண்டதைச் சொன்னார். தொழிலாளியை மதுக்கடையிலிருந்து மீட்டதோடு அவன் வாழ்க்கைக்கு ஓர் எதிர்காலத்தையும் காட்டினோம் என்றார். தொழிற்கூடங்களைக் காலி செய்ய ராணுவத்தை அனுப்பாதது ஏன் என்ற கேள்விக்கும் அவர் கூசவில்லை: ரத்தம் சிந்தியிருந்தால் அந்தத் தொழிலாளர்கள் 1939-இல் ராணுவ அழைப்பை ஏற்று வந்திருப்பார்களா?

தலாதியேயும் சளைக்கவில்லை. நாள் ஏற ஏறக் குற்றம் சாட்டியவர்கள் பதில் சொல்லும் நிலைக்கு வந்தார்கள். பெர்லினில் ஹிட்லருக்கு ஆத்திரம். பிரான்ஸ் போரைத் தொடங்கிய குற்றத்தை விசாரிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க, இவர்கள் போருக்குச் சரியாகத் தயாராகாத குற்றத்தையல்லவா விசாரிக்கிறார்கள்! மார்ச் 15 அன்று பொது உரையிலேயே அதைச் சொல்லிப் பொருமினார். ஏப்ரலில், கூடுதல் விசாரணை தேவை என்ற பெயரில், விஷி அரசு வழக்கை நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு வசந்தத்தில் ப்ளூமை ஜெர்மானியர்கள் புஷன்வால்டுக்குக் கொண்டுபோய், முகாமின் வேலிக்கு அப்பால் காட்டுக்குள்ளிருந்த ஒரு வீட்டில் பிணையாக அடைத்தார்கள். சுதந்திரமாக இருந்த ழான் ரைஷன்பாக் என்ற பெண் தாமே அனுமதி கேட்டு அங்கே போய் அவரை மணந்துகொண்டார். ப்ளூமின் தம்பி, மான்டே கார்லோ பாலே குழுவை நடத்திய ரெனே ப்ளூம், ஆஷ்விட்ஸிலிருந்து திரும்பவில்லை. 1945 மே மாதத்தில் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையூர் ஒன்றில் ப்ளூம் விடுவிக்கப்பட்டார். ரியோம் நீதிமன்றம் மறுபடி கூடவே இல்லை; எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் 1943-இல் அதைக் கலைத்துவிட்டிருந்தார்கள்.